இடப்பக்க சீட்

ஜூலை 6, ஞாயிறு

வண்டி வலப்பக்கம் சாய்கிறது. போன மாதமே சந்தேகம்தான். இன்று பார்க்கிங்கில் சமமான இடமாகப் பார்த்து நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு மேலே டேப் வைத்து அளந்தேன். டிரைவர் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வேறு. அல்வாலில் ஸ்பீடு பிரேக்கருக்கா பஞ்சம்!

வாட்ச்மேன் யாதய்யா பக்கத்தில் வந்து நின்று, “எம்.ஜி. அண்டே எலக்ட்ரிக்கே கதா மேடம்?” என்று மறுபடியும் கேட்டார், எம்.ஜி. என்றாலே எலக்ட்ரிக்தானே என்று. இது 1969 மாடல் பெட்ரோல் வண்டி என்று எத்தனை தடவைதான் சொல்வது. இன்னமும் சார்ஜர் குத்தும் இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

இன்று முழுக்க நான் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். வண்டியைத் தொடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஜூலை 12, சனி

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு ஸ்பிரிங் பட்டைகளையும் கழற்றிவிட்டேன். யூ போல்ட் நட்டு ஒன்று வரவே மாட்டேன் என்று அரை நாள் அடம்பிடித்தது. நானும் பிடித்தேன். பட்டை நுனியில் உள்ள கண்ணுக்குள் இருந்த ரப்பர் புஷ் கையோடு பொடிப்பொடியாக வந்தது. ‘டொக்’ சத்தம் அங்கிருந்துதான்.

இரண்டு பட்டைகளையும் தரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பட்டையில் வளைவு அப்படியே இருக்கிறது. வலப்பக்கத்தது தட்டையாகிக் கிடக்கிறது. ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனிலேயே காலம் தள்ளி, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவள் நான். ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இருப்பதே இரண்டு சீட். என் மகள் சாஹித்யா பெங்களூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து ஒரு சீட்டில்தான் ஆள்.

இதை எனக்கு விற்ற கர்னல், “சிங்கிள் ஆட்களுக்கு இதுதான் மேடம் சரியான வண்டி” என்றார். அப்போது எனக்கு விவாகரத்து ஆகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூட யூனிபாரத்தோடு என் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள்! யார் சிங்கிள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நாச்சாரம். கௌஸ் பாயின் பட்டறை. லாரிப் பட்டைகளுக்கு நடுவே என் பட்டைகளைப் பார்த்ததும், “கிலோனா ஹை க்யா மேடம்?” என்று சிரித்தார், பொம்மை வண்டியா என்று. இங்கே பட்டைக்கு ‘கமான்’ என்று பெயர். இந்த ஊருக்கு வந்த புதிதில், இவர்கள் ஏன் எல்லோரையும் ‘கமான் கமான்’ என்று அவசரப்படுத்துகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

வலது பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அகேலேச் ச்சலாதே க்யா?” என்றார். தனியாகத்தான் ஓட்டுவீர்களா?

ஹவ், ஆமாம் என்றேன்.

அப்படியானால் டிரைவர் பக்கத்துப் பட்டைக்கு மட்டும் வளைவு கூட்டித் தருகிறேன், நீங்கள் ஒருவர் உட்கார்ந்தால் வண்டி நேராக நிற்கும் என்றார். இரண்டு பேர் போவதென்றால் இரண்டையும் ஒரே அளவில் வளைக்க வேண்டும். “ஏக் ஜனே கா பனாவூம், தோ ஜனே கா?” ஒருவருக்கா, இருவருக்கா?

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டிய பதில். இதில் என்ன யோசனை?

ஜூலை 16, புதன்

சாஹித்யாவோடு பேசினேன். எப்போது வருகிறாய் என்றதற்கு, “சூஸ்தா அம்மா.” பார்க்கிறாளாம். நான் தமிழில் கேட்பதும் அவள் தெலுங்கில் பதில் சொல்வதும் அவளுடைய எல்.கே.ஜி. காலத்து ஏற்பாடு. அது எனக்கு உறுத்தியதே இல்லை. இன்று உறுத்தியது. ஒரு வார்த்தை என் பாஷையில் சொன்னால் என்னவாம்?

ஜூலை 18, வெள்ளி

கௌஸ் பாய்க்குப் போன் செய்தேன். “ஏக் ஜனே கா” என்றேன். சரி என்றார்.

அதன்பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

சாஹித்யா ஊருக்கே வருகிறாள்!

காலையில் மெசேஜ். இங்கிலீஷ் எழுத்தில் தெலுங்கு, எப்போதும் போல. அடுத்த சனிக்கிழமை ஊருக்கே வந்துவிடுகிறாளாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கேட்டிருப்பதாக முன்பு ஒரு தடவை சொன்னாள். கிடைத்துவிட்டது போலிருக்கிறது. நான் ஒரு ஹார்ட் போட்டேன், அவள் ஒரு கட்டைவிரல் போட்டாள். போன் செய்து விவரம் கேட்கலாம். பயமாக இருக்கிறது. கேட்டால் மனதை மாற்றிக்கொண்டுவிடுவாளோ என்று ஒரு கிறுக்குப் பயம்.

நல்லவேளை, கௌஸ் பாய் இன்னும் கை வைக்கவில்லை. “தோ ஜனே கா, தோ ஜனே கா” என்றேன். “கைக்கு மேடம்?” என்றார், ஏனாம். மகள் வருகிறாள் என்றேன். தன் மகளே வருவது போலச் சந்தோஷப்பட்டார்.

ஜூலை 24, வியாழன்

பட்டைகள் வந்தன. இரண்டும் ஒரே வளைவு. புதுப் புஷ் போட்டு, பொருத்தி, எல்லா நட்டையும் இறுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். மத்தியானம் அவள் அறை அலமாரியில் இருந்த என் புடவைகளை எல்லாம் வெளியேற்றினேன். புது மெத்தை வந்திருக்கிறது. பாட்டு வேறு பாடினேன், யாதய்யா வந்து எட்டிப் பார்த்தார்.

ஜூலை 25, வெள்ளி

ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுத்தினால் கிறீச்சிடுகிறது.

என்னை நானே திட்டிக்கொண்டேன்: கல்பகம், உனக்கு அறிவிருக்கா? சக்கரம் அந்தரத்துல தொங்கறப்ப புஷ் போல்ட்டை இறுக்கலாமா? வண்டி தரையில நிக்கணும், ரெண்டு சீட்லயும் ஆள் பாரம் இருக்கணும், அப்புறம்தான் கடைசி இறுக்கு. முன்னாடியே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து கிழிஞ்சு போயிடும். வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா சிவப்பு டேக் கட்டித் திருப்பி அனுப்பியிருப்பே.

போகட்டும். நாளை அவள் வந்துவிடுவாள். தளர்த்திவிட்டு மறுபடி இறுக்கினால் ஆயிற்று.

ஜூலை 26, சனி

வந்தாள். தோளில் ஒரு பை. அவ்வளவுதான்.

பெட்டி எல்லாம் பின்னால் வருகிறதா என்று கேட்டேன். “ஏம் பெட்டி?” என்றாள், என்ன பெட்டி என்று. நாளைக்குத் திரும்பிப் போகப் பஸ் டிக்கெட் போட்டிருக்கிறாளாம்.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மெசேஜை எடுத்துப் பார்த்தேன். ‘ஊரிகே ஒஸ்துன்னா’. ஊரிகே. சும்மா வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள். ஊருக்கே என்று எங்கே எழுதினாள்?

முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். பால்காரன்கிட்ட, பஸ்ல, ஃபேக்டரியில, எத்தனை ஊரிகே கேட்டிருக்கேன், நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன். தெரியாத வார்த்தையா? வேணும்னு படிச்சா அப்படித்தான் தெரியும். அவ மேல தப்பே இல்ல. எனக்குத்தான் ஆசை கண்ணை மறைச்சிடுச்சு.

அலமாரி ஏன் காலி என்று கேட்டாள். பூச்சி மருந்து அடித்தேன் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

போல்ட்டுகளைத் தளர்த்தி, நாலு சக்கரத்துக்கும் தடித்த பலகை கொடுத்து நிறுத்தினேன். டிரைவர் சீட்டில் எனக்குப் பதிலாக இரண்டு அரிசி மூட்டை. யாதய்யாதான் தூக்கி வைத்தார். இடது சீட்டில் சாஹித்யா. நான் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

மேலே இருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. “அம்மா, ஆ கொத்த பெட் எவரிகி?”

புது மெத்தை யாருக்கு என்கிறாள். முகம் தெரியாத இடத்தில் கிடப்பதில் ஒரு சௌகரியம், பொய் சொல்லத் தோன்றுவதில்லை.

“உனக்குத்தான். நீ இங்கயே வந்துடறேன்னு நெனச்சேன்.”

மேலே சீட் கிறீச்சிட்டது. “ஊரிகே அன்னானு கதா அம்மா…” சும்மா என்றுதானே சொன்னேன் என்கிறாள்.

“தெரியும். நான்தான் ஊருக்கேன்னு படிச்சுட்டேன்.”

முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “சாரி அம்மா.”

“சாரி எதுக்கு? அசையாம உக்காரு, பாரம் மாறுது.”

அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, “வேற பனி ஏமீ லேது அம்மா. நின்னு சூடாலனிபிஞ்சிந்தி, ஒச்சேஸா” என்றாள். வேறு வேலை எதுவும் இல்லையாம். என்னைப் பார்க்க வேண்டும் போலிருந்ததாம், வந்துவிட்டாளாம். கல்யாண வீடு இல்லை, ஆபீஸ் வேலை இல்லை, சர்டிபிகேட் வாங்கும் வேலை இல்லை. வெறுமனே எனக்காக ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஸ்பேனரை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போயிற்று.

அப்புறம் நாலு போல்ட்டையும் இறுக்கினேன்.

சாயங்காலம் பாரடைஸ் பக்கம் கொண்டுபோய்ப் பஸ் ஏற்றினேன். வழி முழுக்க ஒரு சத்தம் இல்லை. “ஸ்மூத்” என்றாள். தனியாகத் திரும்பும்போது திருமலகிரி சிக்னலில் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற பைக்குக்காரன் வண்டியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வண்டியில் சத்தம் இல்லை. வீட்டிலும்.

ஆகஸ்ட் 9, சனி

அவளுக்குத்தான் வேலை, லீவு, பஸ் டிக்கெட் எல்லாம். எனக்கு என்ன? எந்த ஆபீஸ் என்னைத் தேடப்போகிறது? வருகிறாயா வருகிறாயா என்று அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், டயர் காற்று எல்லாம் பார்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன். அனந்தபூர்

பெங்களூருக்குச் சீக்கிரமே கிளம்பியும் இவ்வளவு தூரம்தான். கர்நூல் தாண்டி இன்ஜின் சூடேறி, புளியமரத்தடியில் இரண்டு பேரும் இளைப்பாறினோம், நானும் வண்டியும். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். லாட்ஜில் சாவி கொடுத்த பையன் இதையும் எலக்ட்ரிக்கா என்றுதான் கேட்டான்.

சாஹித்யாவுக்குப் போன் செய்தேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும் பதறிவிட்டாள். ஏதாவது பிரச்சினையா, உடம்பு சரியில்லையா, ஏன் திடீரென்று, என்ன விஷயம் என்று தெலுங்கில் பொரிந்து தள்ளினாள்.

“ஒண்ணுமில்லடி. சும்மாதான்” என்றேன்.

பிறகு, பில்டிங்கில் பார்க்கிங் இடம் கேட்டு வைக்க வேண்டும், எத்தனை நாளைக்கு, வண்டி எவ்வளவு பெரிசு என்று கேட்பார்கள், என்ன சொல்லட்டும் என்றாள்.

சின்ன வண்டிதான், ஒரு ஓரத்தில் அடங்கிவிடும் என்றேன்.