வடசேரிச் சந்தையில் செவலை நின்றது

வடசேரி,
16-11-1934, வெள்ளிக்கிழமை

கொழும்பில் தாதி வேலை பார்க்கும் என் அருமை மகள் விக்டோரியாவுக்கு அப்பா யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் சுகமாக இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மாதான் எழுத உட்கார்ந்தாள். இதை நான்தான் எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

நம் செவலை இன்று சந்தை நடுவில் நின்றது மகளே. அசையாமல் நின்றது. வேறு ஏதோ செவலைக் குதிரை என்று நினைத்துவிடாதே. வண்டியின் ஏர்க்காலை இரண்டு தடவை உதைத்து முறித்ததே, பஸ் சத்தம் கேட்டு வண்டியோடு ஓடைக்குள் இறங்கியதே, அதே செவலை.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். நீ ஜனவரியில் கப்பல் ஏறினாய். மார்ச்சில் அதை விற்றுவிடுவது என்று முடிவு செய்து, பூதப்பாண்டியிலிருந்து குதிரைத் தரகர் கோலப்பனை வரச் சொன்னேன். அவர் தொழுவத்தில் அதன் பல்லைப் பார்க்கக் குனிந்தார். நல்ல வெயில். எனக்கு வியர்த்து வழிந்தது. துடைப்பதற்காகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். செய்தது அவ்வளவுதான். செவலை கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. உடம்புத் தோல் முழுவதும் நடுங்கியது. உதைக்கவில்லை, கடிக்கவில்லை. அடி விழட்டும் என்று காத்து நின்றது.

கோலப்பன் சிரித்துக்கொண்டே, "உமக்க கையைக் கண்டாலே இதுக்கு ஆவாது போலிருக்கே ஓய்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்குக் கோவம் இல்லப்பா, பயம்" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நீ போய் இரண்டு மாதம் கழித்துத்தான் அது என் காதில் விழுந்தது. கோலப்பனுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, குதிரை விலைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கே கடிவாளத்தைக் கழற்றிப் பார்த்தேன். இரும்பு ஒரு பக்கம் தேய்ந்து கூராக இருந்தது. வாயோரத்தில் புண், ஆறி, அதன் மேலேயே மறுபடியும் புண். இருபது வருஷமாகக் குதிரை வண்டி ஓட்டுகிறவன், ஒரு நாளும் அந்த இரும்பை விரலால் தடவிப் பார்த்ததில்லை. கொல்லனிடம் கொடுத்து வழுவழுப்பாக வேறு அடித்து வாங்கினேன். புண் ஆறும் வரை ஒரு மாதம் வண்டியே பூட்டவில்லை. வீட்டில் கஞ்சியும் துவையலும்தான்.

அந்த மாதம் முழுவதும் தொழுவத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மடியில் ஊற வைத்த கொள்ளு. அது தானாக வந்தால் தின்னலாம். வராவிட்டால் நான் எழுந்து அதனிடம் போகமாட்டேன். ஒன்பதாம் நாள் வந்தது. மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

பிறகு "நில்லு" என்ற ஒரே சொல்லில் ஆரம்பித்தேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கேள். நாம் கேட்டதை அது செய்ததும், மறு நொடியே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இழுத்த கை இழுத்தபடியே இருந்தால், தான் செய்தது சரிதான் என்று அந்த வாயில்லாத ஜீவனுக்கு எப்படித் தெரியும்? இது தெரியாமல் இத்தனை குதிரைகளை ஓட்டியிருக்கிறேன். இன்னொன்று, அது சலிப்பதற்கு முன்பே பாடத்தை நிறுத்திவிட வேண்டும். எனக்குக் கோபம் வருகிற நாளில் அதன் பக்கமே போவதில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் நீர் இறைப்பேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் நம் தென்னைகளுக்குத் தண்ணீர் குறையவே இல்லை என்றால் பார்த்துக்கொள்.

பஸ் பயத்தைப் போக்கத்தான் நாள் பிடித்தது. இராஜாக்கமங்கலம் பஸ் ஓட்டுகிற ததேயுஸை உனக்குத் தெரியுமே. தினமும் நான் செவலையைக் கையில் பிடித்து அந்தச் சாலையில் நடத்திக்கொண்டு போவேன். தூரத்தில் வரும்போதே ஒரு தடவை ஹாரன் அடிக்கும்படி அவரிடம் கேட்டிருந்தேன். முதலில் ஒரு வயல் தள்ளி நின்று கேட்க வைத்தேன். அது பழகியதும் வரப்பு வரை வந்தோம். ஆகஸ்டில் சாலையோரத்துக்கே வந்துவிட்டோம். ஒரு நாள் ததேயுஸ் பஸ்ஸை நிறுத்தி, "படிக்கியது குதிரையா, நீரா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த மீன்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள். ரெண்டு பேரும்தான் என்று சொன்னேன். வீட்டில் அம்மா தீனி வைக்கும் நேரம் பார்த்துப் பித்தளைக் குடத்தைத் தட்டுவாள். முதலில் செவலை மிரண்டு ஓடிப்போகும், இப்போது அந்தச் சத்தம் கேட்டால் தீனி வருகிறது என்று கனைக்கிறது.

இனி இன்றைய சங்கதி. காலையில் பக்கத்து வீட்டு ராகேலுக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இது தன் கையில் நிற்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ராகேலை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நம் வண்டியைப் பூட்டினேன். அம்மா உள்ளே அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். இன்று சந்தை நாள் வேறு. நடுச் சந்தையில், முன்னால் போன மாட்டுவண்டியின் கயிறு அறுந்து, வாழைக்குலைகள் பொத்துப் பொத்தென்று செவலையின் காலடியில் விழுந்தன. விலக்கலாம் என்று குதித்தேன். பழத்தில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். சக்கரம் என் இடுப்பில் ஒட்டி நிற்கிறது. கடிவாளக் கயிறு கையில் இல்லை. செவலை ஓரடி எடுத்து வைத்தால் நானும் இல்லை. மிரண்டு ஓடினால் உள்ளே ராகேலும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த ஏதோ ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடிக்கிறது.

கீழே கிடந்தபடி அதன் வயிறு துடிப்பதைப் பார்த்தேன். கத்தக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. தொழுவத்தில் பேசுகிற அதே குரலில், "நில்லு மக்கா" என்றேன்.

நின்றது. காதுகள் இரண்டையும் என் பக்கம் திருப்பிக்கொண்டு, நான்கு காலும் தரையில் முளைத்த மாதிரி நின்றது. ஜனங்கள் ஓடி வந்து என்னை இழுத்து வெளியே எடுக்கும் வரை ஒரு குளம்பு அசையவில்லை. நான் எழுந்து அதன் நெற்றியில் என் நெற்றியை வைத்துக்கொண்டேன். அழுதேன் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். உடனே ஏறி ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு குலுக்கல் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு ராகேலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா சொன்னது இதுதான்: "ஒங்க சத்தத்துக்குத்தான் நிண்ணுது. பயந்து நிக்கல்ல."

அம்மா பெயருக்கு நீ போடும் கடிதங்களை அவள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். சில இடங்களில் அவள் வரியைத் தாண்டிப் போவது எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை. போன மாதம் அவளிடம் ஒன்றே ஒன்று உனக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். நீ புறப்படுவதற்கு முந்தின வாரம், சாட்டைக்கும் செவலைக்கும் நடுவில் நீட்டினாயே, அந்த இடது கையில் தழும்பு இன்னும் இருக்கிறதா என்று. நான் கேட்கமாட்டேன், அடித்தவரே கேட்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். நானே கேட்கிறேன். இருக்கிறதா மகளே?

கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு உண்டென்று அம்மா சொன்னாள். தூத்துக்குடியில் இறங்கித் திருநெல்வேலி வந்து பஸ் பிடித்தால், ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் சோதனைக்காக அது வெகுநேரம் நிற்கும். அங்கேயே இறங்கிவிடு. நானும் அம்மாவும் வண்டியோடு வந்து காத்திருப்போம். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். பின்னால் அம்மாவோடு உட்கார்ந்துகொள். நான் பாதையைப் பார்த்து ஓட்டுகிறேன். நீ வந்தால் போதும்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். நீ தொட்டுத் துடைக்கும் நோயாளிகளின் வாழ்த்தெல்லாம் உன் தலைமேல் வந்து சேரட்டும். ஆண்டவர் உன் கூடவே இருப்பாராக.

நீ வரும் நாளை எண்ணியிருக்கும்,
அப்பா,
யேசுரத்தினம்