தப்பு செய்யத் தெரிந்தவள்

மணவாள நகர்,
திருவள்ளூர்.
17-6-2007, ஞாயிறு

அன்புள்ள ஜபீனுக்கு,

மிருதுளா எழுதிக்கொள்வது. பழவேற்காட்டில் நீயும் பாப்பாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் தம்பி ஃபயாஸ் சொன்னான். இங்கே எல்லோரும் நலம். அப்பா கோயில் கைங்கரியத்துக்கும் நான் கம்பெனி வேனுக்கும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் தினமும் குளியலறை வாசலில் தகராறு நடக்கிறது. அவருக்குப் பெருமாள் காத்திருக்கிறார், எனக்கு வேன் டிரைவர் காத்திருக்க மாட்டார்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "இன்னா மிரு" என்று ஆரம்பித்தால் நான் ஊர்க்கதை பேசிவிட்டு வைத்துவிடுவேன். இது உன் வேலையைப் பற்றியது. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ பிரசவ லீவில் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் எடைமேடை சாஃப்ட்வேரில் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதை வாங்கிய கம்பி ஆலைக்காரர்கள் ஒன்று கேட்பார்கள், அடுத்த வாரம் வேறொன்று. ஒவ்வொரு தடவையும் லாரி உள்ளே வருவதிலிருந்து கேட் பாஸ் அச்சாவது வரை நூற்று நாற்பத்து மூன்று சோதனைகளையும் நாம் இருவரும் கையாலேயே தட்டி, இரண்டு நாள் முதுகு ஒடிய உட்காருவோமே. அத்தனையையும் மிஷினே செய்யும்படி எழுதிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஓட விட்டால், தயிர்சாத டப்பாவைக் கழுவி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. மவுஸைத் தொடாமலே கர்சர் ஓடுவதைப் பார்க்க மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் பரசுராமன் சார் கூப்பிட்டார். நம் மேனேஜர் எப்போதும்போல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, இனிமேல் டெஸ்டிங்குக்கு ஒரு ஆள் போதுமா என்று கேட்டார். போதும் சார் என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். உன் ஞாபகம் வந்தது. வந்தும் சொன்னேன். பாராட்டு கேட்கிற ஆசையில் சொன்னேன், ஜபீன். மறுநாளே உன்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அது கவருக்குள் போவதற்குள் போன வியாழக்கிழமை வந்தது. முந்தின நாள் வந்த புதிய வெர்ஷனில் என் மிஷின் நூற்று நாற்பத்து மூன்றையும் பாஸ் என்று காட்டியிருந்தது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆலை வாசலிலிருந்து மெயின் ரோடு வரை லாரிகள் நின்றன. நடந்தது இவ்வளவுதான். ஒரு சின்ன வண்டி காலி எடை போட்டுவிட்டு ஓரமாக நின்றது. டிரைவர் டீக்குப் போய்விட்டார். அதற்குள் பின்னால் வந்த பெரிய டிரெய்லரில் கம்பி ஏற்றிக் கொண்டுவந்து எடை போட்டார்கள். சாஃப்ட்வேரோ சின்ன வண்டியின் காலி எடையையே பிடித்துக்கொண்டு டிரெய்லருக்குக் கழித்தது. பத்து டன் கூடுதலாகச் சரக்கு காட்டியது. அப்புறம் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அதே கதை.

நானே ஆலை கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டி தாவீது அண்ணன் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உங்க மிஷின் டீ குடிக்காதா? எங்க டிரைவருங்க குடிப்பாங்களே. நீ சொல்ற மாதிரி வரிசையா இங்க எவன் வந்துகினு இருக்கான்" என்றார். அப்போதுதான் நீ டெஸ்ட் செய்கிற விதம் ஞாபகம் வந்தது.

ஒரு லாரியைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றைத் திறப்பாய். பிரிண்ட்டை மூன்று தடவை அமுக்குவாய். லாரி நம்பர் இருக்கிற இடத்தில் டிரைவர் பேரை அடிப்பாய். புரோகிராம் எழுதுகிற பையன்கள் தொல்லை தாங்காமல் உனக்குப் பேஜாரு ஜபீன் என்று பேர் வைத்ததே அதற்குத்தானே. நான் மிஷினுக்கு ஒழுங்காக வேலை செய்ய மட்டும் கற்றுக்கொடுத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து உன் சேட்டைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுதினேன். பதினொன்று கிடைத்தன. அவற்றை ஓட விட்டதும் நான்கில் சாஃப்ட்வேர் விழுந்தது. அதே சூட்டில் சாரிடம் போய், நான் சொன்னது தப்பு, ஓட வைக்க நான் போதும், எதை ஓட வைப்பது என்று சொல்ல ஜபீன் வேண்டும் என்றேன். கைக்குழந்தையோடு அந்தப் பெண் எப்படி வரும் என்று கேட்டார். இரண்டு மாதம் மதியம் வரை வரட்டும், வேன் பொன்னேரி வழியாகத்தானே வருகிறது என்றேன். என் குரலை நானே அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

கடைசியில் இறங்கி வந்தார். ஜூலை இரண்டாம் தேதி திங்கட்கிழமை நீ நேரில் வந்து சேர்ந்துவிட்டால் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாராம். உன் வீட்டுக்காரர் அசன் முகைதீன் அண்ணன் இறால் ஏற்றுமதி வேலையாக எங்கே இருந்தாலும் இதைக் காட்டு. அவர் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். நீ வந்தால் நாம் இருவருமாக மூன்றே மாதத்தில் எந்த வெர்ஷன் வந்தாலும் அசைக்க முடியாத ஒன்றைச் செய்துவிடலாம். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

உனக்குச் சந்தேகம் இருந்தால் அது என்மேல்தான் இருக்கும். அது நியாயம். வந்து திட்டு. சார் முன்னாலேயே திட்டு, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும், உன்னைப் போலவே எல்லோரையும் பேஜார் பண்ணட்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டியாகிவிட்டது, ஆனால் அது சாரிடம் இல்லை. என் மேஜையில் வைத்து, இரண்டாம் தேதி சாயங்காலம் வரை அவள் வராவிட்டால் நீயே தபாலில் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். உன் பேரும் விலாசமும் மேலே தெரிகிறபடி அது இருக்கிறது. என் கையால் அதைப் போட வைக்காதே, ஜபீன்.

உன்,
மிருதுளா