எந்நாளும் தண்ணி உங்களது

ஏப்ரல் 3
பொன்னேரி அச்சகத்தில் நோட்டீஸ் வாசகம் எழுதுகிறவளுக்குப் பதவி உயர்வு. ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தையும் சேர்த்து மூன்று குப்பங்களில் வேட்பாளர் திருவேங்கடம் பேச, நான் எழுதித்தர வேண்டுமாம். மனிதருக்குக் கெளுத்தி மீனும் மடவை மீனும் ஒன்றுதான். குரல் மட்டும் கணீர்.

ஏப்ரல் 5
எங்கள் குப்பத்தில் "மீனவச் சொந்தங்களே" என்று தொடங்கினார். ஒருவரும் கை தட்டவில்லை. வேனுக்குள் வந்து உட்கார்ந்து, "இன்னா செவ்வந்தி, இவங்க மனசுல எறங்குற மாதிரி ஒண்ணு குடும்மா" என்றார்.

ஏப்ரல் 6
முகத்துவாரத்தில் வலை போட மூன்று ஊருக்கும் முறை உண்டு. ஆளுக்கொரு நாள். பாடு என்போம். எங்கள் பாடு வரும் காலையில் நைனா துண்டை உதறித் தோளில் போட்டபடி, "இன்னிக்குத் தண்ணி நம்பளது" என்பார். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன்.

அதைத்தான் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன்: "இனி எந்நாளும் தண்ணி உங்களது!"

சாயங்காலம் எங்கள் குப்பத்திலேயே மறுபடி பேசினார். விசில் பறந்தது. நைனா அப்போது ஏரியில் இருந்தார்.

ஏப்ரல் 8
மற்ற இரண்டு குப்பங்களிலும் அதே வரி, அதே விசில். ஒரே தண்ணீர் மூன்று ஊருக்கும் எந்நாளும் எப்படி? என்னையே கேட்டுக்கொண்டேன். தேர்தல் பேச்சைப் போய் யார் நம்புவார்கள்?

மே 5
ஜெயித்துவிட்டார். அச்சகத்தில் லட்டு.

மே 12
எங்கள் பாடு. நைனா போனபோது பக்கத்துக் குப்பத்து மூர்த்தியின் வலை தண்ணீரில் கிடந்திருக்கிறது. "எம்.எல்.ஏ.வே சொல்லிக்கீறாரு, எந்நாளும் எங்களுதுன்னு." அந்தப் பேச்சின் வீடியோவையும் போட்டுக் காட்டினானாம். கைகலப்பு. நைனாவின் வலை கிழிந்து, நெற்றியில் இரண்டு தையல்.

வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது நான் சொல்ற பேச்சாச்சே. அந்தாளுக்கு எப்டிம்மா தெரியும்?"

நான்தான் நைனா. கை தட்டணும்னு எழுதிக் குடுத்தேன் — சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? தப்புதான். ஐயோ, தப்புதான்.

மே 13
எம்.எல்.ஏ.வுக்குப் போன் செய்தேன். "அது மேடைக்குச் சொன்னதும்மா" என்றார். நன்றிக் கூட்டத்துக்கும் நானே எழுத வேண்டுமாம். மாட்டேன் என்றேன்.

மே 17
மூன்று ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். பழையபடி ஆளுக்கொரு நாள். மூர்த்தியின் ஊர் அபராதம் கட்டியது.

மே 18
எங்கள் பாடு. நைனா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நான் டீ டம்ளரோடு பக்கத்திலேயே நின்றேன்.

டீயைக் குடித்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.