அக்காவை மலை ஏற்றியது

செப். 12, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கார் துடைத்தேன். பெயர் ஐராவதம். வெள்ளை, கிழம், மேடு கண்டால் பிளிறும்.

காரணம், தேனு. அக்கா மகள். ஜவ்வாது மலையில் அரசாங்க நர்ஸ் வேலை. திங்கள் போய்ச் சேராவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். அக்கா விடமாட்டேன் என்கிறாள். நம்ம மலை கண்ணில் படாத ஊரில் பெண்ணைத் தனியாக விடமாட்டாளாம். அடி அண்ணாமலையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். மலையைப் பார்த்தால்தான் பல்லே துலக்குவாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “அங்கேருந்து நம்ம மலை உள்ளங்கை மாதிரி தெரியும்க்கா. எறும்பு ஏறினாகூடத் தெரியும்”னு சொல்லிவிட்டேன்.

தேனு ஓரமாக இழுத்துப் போய், மாமா நீ எப்போ அங்கே போனே என்றாள்.

போனதில்லை. நாளைக்குப் போகிறோம்.

செப். 13, சனி

போளூரில் இட்லி. சாம்பார் கம்மி, காரம் ஜாஸ்தி. பிறகு மலைப்பாதை. அடடா. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஐராவதம் தன் வாலைத் தானே பார்த்தது. கீழே ஏரி ஒரு வெற்றிலை, எருமையெல்லாம் மிளகு. இமயத்தை ஏழு முறை தாண்டியவன் மாதிரி ஒற்றைக் கையால் ஓட்டினேன். பின்சீட்டில் அக்கா, கண் மூடி, சிவ சிவா.

வியூ பாயிண்ட். கம்பி வேலி, குரங்கு, பனி. வேலிக்கு அந்தாண்ட உலகமே இல்லை.

“எங்கடா எறும்பு?” என்றாள் அக்கா.

சுற்றிப் போனால் மறுபக்கம் தெரியும் என்றேன். ஒத்தையடிப் பாதை. எப்படித் திரும்பி வர்றது என்றாள் தேனு. “மலையை வலது கைப்பக்கம் வெச்சுக்கோ. கிளம்பின எடத்துலயே வந்து நிப்பே.” கிரிவலப் பாதையில் வளர்ந்த மூன்று தலைகளும் ஆடின. இதில் என்ன சந்தேகம்?

நடந்தோம். வலப்பக்கம் ஒரு மலை முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. அதுவும் முடிந்து இன்னொன்று. அக்கா வழக்கம்போல செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களை முந்தினாள். என் மூச்சு ஆந்திரா வரை கேட்டிருக்கும்.

சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் எங்கள் கணக்கைச் சொன்னேன். சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“உங்க ஊருல மலை ஒண்டியா நிக்குது, சுத்தலாம். இங்க ஒண்ணு கைய ஒண்ணு புடிச்சினு நிக்குதுங்க. இப்படியே போனா வாணியம்பாடிதான்.”

அவரே தம் ஊருக்குக் கூட்டிப்போனார். ஊர்க்கோடியில் பெரிய பாறை. தீபத்தன்று அதில் ஏறி, நம்ம மலை உச்சியில் வெளிச்சம் பார்த்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றுவார்களாம். அக்காவும் அப்படித்தான். ஆனால் பாறையிலும் பனி. பக்கத்தில் பூட்டின சின்னக் கட்டடம். தேனு போர்டைப் படித்துவிட்டு என்னைக் கிள்ளினாள். அவள் சேரவேண்டிய இடமே அதுதான். திட்டமிட்டு அழைத்து வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

“கட்டடம் இருக்குது, நர்சுதான் இல்ல,” என்றார் அந்த அம்மா. “போன மழையில எங்க மருமவள டோலி கட்டித் தூக்கினு இறங்கினோம். பாதி வழியிலயே கொழந்த பொறந்துடுச்சு.”

“பொழைச்சுதா?” அக்கா.

“ரெண்டும் நல்லா இருக்குது. நான்தான் இன்னும் அந்த வழியில போறதில்ல.”

அக்கா அதற்கப்புறம் மலை தெரியலையேன்னு கேட்கவே இல்லை.

யாரோ புண்ணியவான் பைக்கில் என்னைக் காரிடம் சேர்த்தார். அவர்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது அக்கா தேனுவிடம், ஒரு கம்பளி போதுமா, ரெண்டு வேணுமா என்றாள். வளைவே இல்லாத இடத்தில் ஹாரன் அடித்தேன்.

செப். 15, திங்கள்

வெயில். ஐராவதத்தில்: பெட்டி, ஸ்டவ், ஊறுகாய், மூன்று கம்பளி, அக்கா. ரெண்டு நாள் இருந்துட்டு வருவாளாம். தேனு பூட்டைத் திறக்கும் முன்னமே வாசலில் கூட்டம். பாறைப் பக்கம் இன்றும் பனிதான். தனியாக இறங்கினேன். ஐராவதம் பிளிறவே இல்லை.

செப். 17, புதன்

மத்தியானம். மண்டை பிளக்கும் வெயில். அக்கா போன். பாறை மேலிருந்து; அங்கேதான் சிக்னலாம்.

“டேய், மலை தெரியுதுடா. சுண்டுவிரல் நகம் அளவு. அதுக்கு அந்தாண்ட மழை, நம்ம ஊர்ப் பக்கம்தான் வருது. திங்கக்கிழமை போட்ட என் புடவையெல்லாம் இன்னும் மாடியில காயுது, போய் எடு.”

இங்கே ஒரு துளி இல்லைக்கா என்றேன். போடா என்றாள்.

ஏறினேன். கடைசிப் புடவையில் கை வைக்கும்போது கொட்டியது.