பத்துக் கேள்விக்கும் பூஜ்யம்

பிப்ரவரி 3

அன்புள்ள குண்டா,

நலம்தானே? உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, எப்படி இருக்கிறாள்? நான் கடிதம் போட்டால்தான் உனக்கு என் ஞாபகம் வருகிறது. இருக்கட்டும்.

உன் ஆபரேஷன் முடிந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஆசிட் மேலேறி, உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கி, மாத்திரைக்கும் அடங்காமல் என்னிடம் வந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். எல்லோருக்கும் ஒரே முறைதான். இரைப்பையின் மேல்பக்கத்தை உணவுக்குழாயைச் சுற்றி முழு வட்டமாக மடித்துத் தைத்தேன். அது நிலைத்ததா என்று இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். படிவத்தில் பத்துக் கேள்விகள். தொந்தரவே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியவில்லையென்றால் ஐந்து. உள்ளதை உள்ளபடி எழுது.

உன்
சோடாபுட்டி


பிப்ரவரி 11

அன்பு சோடாபுட்டி,

பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துக் காப்பியடித்தவன் இப்போது எனக்கே கேள்வித்தாள் அனுப்புகிறான். காலம்டா!

பத்துக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் லிப்ட் ரிப்பேருக்கு அதன் அடியில் குழிக்குள் இறங்கிக் குனிந்தாலே நெஞ்சு தீயாக எரியும். இப்போது மணிக்கணக்காகக் குனிந்து வேலை பார்க்கிறேன். உன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். என் பேரை இனி மாற்றிவிடு. பேன்ட் இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது.

உன் தங்கச்சி ஏதோ எழுத வேண்டுமென்றாள். இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

குண்டன்


பிப்ரவரி 20

அன்புள்ள குண்டா,

உன் படிவத்தைப் பார்த்து நர்ஸம்மாவிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். மற்றவர்களும் அநேகமாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அடுத்த மாதம் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். இனி இளையவர்களும் இதே முறையில் செய்வார்கள்.

ஒரு உதவி. முப்பத்திரண்டு வயது டீச்சர் ஒருத்தி வந்திருக்கிறாள். உனக்கிருந்த அதே நிலைமை. ஆபரேஷனுக்குப் பயப்படுகிறாள். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வரி தைரியமாக எழுதிப் போடேன்.

இளைத்துப் போனாயா? வயசுக்கு நல்லதுதான்.

சோடாபுட்டி


மார்ச் 2

சோடாபுட்டி,

அந்த டீச்சர் எழுதினாள். "ஐயா, சாப்பாடு நிம்மதியா இறங்குதா? உங்க பதிலைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடப் போறேன்." இதுதான் முழுக் கடிதமும். நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

இறங்கவில்லைடா. முதல் ஒரு வருடம் சொர்க்கம். அப்புறம் ரொட்டித்துண்டு நடுநெஞ்சில் நின்றுகொள்ள ஆரம்பித்தது. பாலில் ஊறப்போட்டுத்தான் விழுங்குகிறேன். ஏப்பம் வராமல் வயிறு உப்பிக்கொள்கிறது. வெளியில் யார் கூப்பிட்டாலும் சாப்பிட்டு வந்துவிட்டேன் என்று பொய் சொல்கிறேன். இரண்டு வருடமாகப் பழைய மாத்திரையும் மறுபடி போடுகிறேன். இங்கே நம் பழைய கடைக்காரரிடம் வாங்கினால் அவர் உன்னிடம் சொல்லிவிடுவார் என்று மூன்று தெரு தள்ளிப் போய் வாங்குகிறேன்.

உன் தங்கச்சி தினமும் சண்டை. "உங்க சிநேகிதர்தானே, சொல்றதுக்கு என்ன?" என்கிறாள். சிநேகிதன் என்பதால்தான் சொல்ல முடியவில்லை. ஆபரேஷன் முடிந்த மூன்று நாளும் நீ வீட்டுக்கே போகவில்லை. அந்தக் கையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடாத லிப்டை ஓடுகிறது என்று நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. உனக்குப் போட்டுவிட்டேன்.

டீச்சருக்கு உண்மையை எழுதிவிட்டேன். உன் கூட்டம் கெட்டுவிடும் என்று தெரிந்துதான் எழுதினேன். கோபமிருந்தால் நேரில் வந்து திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

குண்டன்


மார்ச் 19

என் குண்டா,

பதில் தாமதமாகிவிட்டது. முதல் இரண்டு நாள் உன்மேல் கொலைவெறி. அப்புறம் என்மேல்.

அறுத்தவனே எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? இது எனக்குத் தோன்றவே இல்லை. படிவங்களைக் கிழித்துவிட்டு, என்னைத் தெரியாத ஒரு டாக்டரம்மாவை விட்டு மற்ற எல்லோரிடமும் மறுபடி கேட்கச் சொன்னேன். உன்னைச் சேர்த்துப் பதினான்கு பேருக்கு விழுங்குவதில் கஷ்டம். ஒன்பது பேர் திரும்பவும் மாத்திரை போடுகிறார்கள். எல்லோரும் என் மனசு நோகக்கூடாது என்று பூஜ்யம் போட்ட நல்லவர்கள். கூட்டத்தில் அதைத்தான் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. முடிந்ததும் இரண்டு பேர் வந்து, எங்கள் நோயாளிகளிடமும் வேறு ஆளை விட்டுக் கேட்கிறோம் என்றார்கள்.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழு வட்டம் வேண்டாம், அரை வட்டமாகத் தைத்தால் இறுக்கம் குறையும் என்று விளக்கினேன். யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "அந்த ஐயா எழுதினதாலதான் உங்களை நம்புறேன்" என்றாள்.

நான்கு வருடம் நீ பட்டினி கிடந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். மடையா, உன்னை யார் அப்படிச் செய்யச் சொன்னது? இதை எழுதும்போதே அழுகை வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை உன்னைச் சோதிக்க அந்த டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இறுக்கத்தைத் தளர்த்த வழியிருக்கிறது என்கிறார். வியாழக்கிழமையே வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். அவர் கேட்பதற்கெல்லாம் வாய்விட்டுச் சொல். அப்போது நான் அந்த அறையில் இருக்கமாட்டேன்.

உன்
சோடாபுட்டி