மாதிரிச் சிரிப்பு

பிப்ரவரி 9
இன்று ஆறு பேருக்குப் பல் பார்த்தேன். ஏழாவது ஆள் என் சொந்த மகள். ரலிட்சாவுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம்தான். பள்ளி முடிப்பு விழாவுக்குள் முன்பல் எட்டுக்கும் வெனீர், அந்த மெல்லிய வெள்ளைத் தகடு, ஒட்டணுமாம். "ஊருக்கெல்லாம் ஒட்டுற, எனக்கு மட்டும் மனசு வராதா?" கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். ஒரு சொத்தை கிடையாது. தகடு ஒட்ட அதைப் போய்ச் சீவச் சொல்கிறாளே!

பிப்ரவரி 11
எடுத்துச் சொன்னேன். இந்த வயதில் பல்லுக்குள் நரம்பு பெரிசு. சீவின எனாமல் திரும்ப வளராது. கம்பி போட்டால் ஒன்றரை வருஷத்தில் நேராகிவிடும். "விழா மே மாசம்மா. கம்பியோட போட்டோவுக்கு நிக்கணுமா?" என் வீட்டுக்காரர் ஓக்னியான் சூப்பிலிருந்து தலையே தூக்கவில்லை. அவளுக்கு அப்பா நல்லவர், நான்தான் கெட்டவள்.

மார்ச் 2
பல்லைச் சீவாமல் மேலே பசையால் மாதிரி வைத்துக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். பிறகு உரித்துவிடலாம். ரலிட்சாவுக்கு வேண்டுமென்றே தடிமனாக, சுண்ணாம்பு வெள்ளையாக வைத்தேன். பார்த்தால் அவளே சீ என்பாள் என்று நினைத்தேன்.

கண்ணாடியைப் பார்த்து அழுதாள். "அம்மா, இதுதாம்மா நான்."

உரிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானே காட்டிக் கெடுத்தேனே, பாவி.

மார்ச் 3
காலைச் சாப்பாட்டைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 6
தோழி வீடு என்று சொல்லிவிட்டு, எல்லைப் பாலம் தாண்டி ருமேனியாவில் ஏதோ ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். ஓக்னியானுக்குத் தெரியும். "பிள்ளை ஆசைப்பட்டுச்சு, ருமி" என்கிறார் என்னிடம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வெனீரே இல்லை அது. சுற்றிச் சீவி முழு உறை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வெறும் குச்சிதான் மிச்சம். எட்டுப் பல்லும். ஐயோ, எட்டும்.

மே 22
விழா. வாசலில் மேளம், மேசை நிறைய சீஸ் வைத்துச் சுட்ட பானிட்சா, அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி, படித்த பன்னிரண்டு வகுப்பையும் பிள்ளைகள் கார் ஜன்னலில் தொங்கியபடி எண்ணிக் கத்தினார்கள். எல்லாப் படத்திலும் சிரித்தாள். அழகாகத்தான் இருந்தாள்.

செப்டம்பர் 17
உறை போட்ட பல்லில் தண்ணீர் பட்டால் உயிர் போகிறதாம். ஒரு வாரமாக மறைத்திருக்கிறாள். எக்ஸ்ரே எடுத்தேன். இரண்டு பல்லின் நரம்பை இனிக் காப்பாற்ற முடியாது.

செப்டம்பர் 19
நானே நரம்பை எடுத்தேன். வேறு யார் கையில் விடுவேன்? மரத்த உதட்டோடு கேட்டாள்: "இந்த உறை எத்தனை வருஷம் தாங்கும்மா?"

"நல்லா பாத்துக்கிட்டா பதினைஞ்சு."

"அப்புறம்?"

"மறுபடி மாத்தணும் கண்ணு."

"நீதானே மாத்துவ?"

"நான்தான்" என்றேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு. அறுபத்தேழிலும் கை நடுங்காமல் இருந்தால் அடுத்த முறை நான் செய்வேன். அதற்கடுத்த முறை யாரோ. மெதுவா செய்ங்க, இவளுக்கு ஊசின்னா பயம்னு அந்த ஆளிடம் யார் சொல்வார்கள்?