மேஜைக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

துயரத்துக்குப் பத்து மதிப்பெண் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

நாடகத் தாள் வகுப்பு. பாடமாக வந்திருக்கும் நாடகத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி போரிலிருந்து தப்பி வேறொரு நாட்டுக்கு வருகிறாள். அதிகாரி முன்னால் உட்கார்ந்து தன் கதை உண்மைதான் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, முடிவில் ஒரு முத்திரை. 'அகதிச் சிறுமியின் துயரத்தை மேற்கோள்களுடன் விவரி' என்று மேடம் பலகையில் எழுதினார். விவரித்தோம். மேற்கோள்களுடன்.

பின்பெஞ்சுக்காரி மட்டும் எழுதவில்லை. அவள் அப்படி வந்தவள்தான் — மூன்று வருஷத்துக்கு முன், அம்மாவோடு. வகுப்பு முழுக்கத் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"பத்து மார்க்குக்கு எவ்வளவு அழணும்னு யோசிச்சிட்டிருக்கேன்."

மார்ச் 5, வியாழன்

நாடகத்தை மேடையேற்றப் போகிறோம். இருபத்தேழாம் தேதி. மேடம் பின்பெஞ்சைப் பார்த்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"நீயே அந்தப் பொண்ணாப் பண்ணேன்மா. உனக்கு யாரும் சொல்லித் தரவே வேணாம்."

அவள் எழுந்து நின்றாள். "மூணு வருஷமா அதே வேஷம் மேடம். அலுத்துப்போச்சு. அதிகாரி குடுங்க."

சிரிக்கலாமா கூடாதா என்று வகுப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் கையைத் தூக்கினேன். கலையின் சுதந்திரம், பார்வையின் தலைகீழாக்கம் என்று இரண்டு நிமிஷம் வெளுத்து வாங்கினேன். மேடம் மசிந்துவிட்டார்.

உண்மை என்னவென்றால்: அவள் அதிகாரியாகிவிட்டால் அந்தப் பெண்ணின் பெரிய வேஷம் எனக்கு. எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

அண்ணன்: "நீ அகதியா? தலகாணி மாறினாலே உனக்குத் தூக்கம் வராதேடி."

மார்ச் 9, திங்கள்

முதல் ஒத்திகை. கிழிந்த சட்டை, கலைந்த தலை, காலையிலிருந்து பட்டினி. அவள் என்னை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.

"யாருடி உன்னை இப்படி அடிச்சது?"

"அகதின்னா இப்படித்தானே..."

"கிளம்பின அன்னைக்கு வீட்டுல இருந்ததுலயே நல்ல துணி மூணை ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுட்டேன். உருண்டையா இருந்தேன். எல்லையில ஒருத்தன் எங்கம்மாகிட்ட, பொண்ணு நல்லா சாப்பிடுவா போலன்னான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு, எனக்கு அனுமதி உண்டா என்று ஒரு சந்தேகம். அவள் கவனித்துவிட்டாள். "சிரி, சிரி. காசா பணமா."

மாலையில் வீட்டில் மூன்று நல்ல உடையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். அம்மா: "எந்தக் கல்யாணம்? எனக்குச் சொல்லவே இல்ல."

மார்ச் 12, வியாழன்

அவள் வசனத்தை விட்டுவிட்டு இஷ்டத்துக்குக் கேட்கிறாள்.

"வீட்டுல எத்தனை ஜன்னல்?"

"எந்த வீட்டுல?"

"நீங்க பொறந்து வளர்ந்த வீட்டுல."

தெரியவில்லை. இருபத்தொரு வருஷமாக இருக்கும் வீடு. குத்துமதிப்பாக ஐந்து என்றேன்.

"போன தடவை ஆறுன்னு சொன்னீங்க."

"சொல்லவே இல்லையே."

"கோப்புல இருக்கு."

இல்லாத கோப்பு. வெறும் அட்டை. ஆனாலும் எனக்கு வியர்த்துவிட்டது. நிராகரித்தாள் — இந்த வாரத்தில் நாலாவது தடவை. இப்போது எல்லோரும் அவளை ஆபீசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். ஏழு. குளியலறையில் இருப்பதைச் சேர்த்தால் எட்டு. அது ஜன்னலா, ஓட்டையா?

அண்ணன்: "என்ன, வீட்டை விக்கறோமா?"

மார்ச் 17, செவ்வாய்

ஒத்திகை முடிந்து தேநீர். சாவகாசமாகச் சொன்னாள்: வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கே விசாரணை. நிஜமான அலுவலகம், நிஜமான கோப்பு. மூன்றாவது தடவை, கடைசி. தேறினால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் முப்பது நாளில் அவளும் அம்மாவும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். எங்கே என்றேன். கையை விரித்தாள்.

"அதுக்குத்தான் இந்த வேஷம் கேட்டியா?"

"ரெண்டு தடவை இந்தப் பக்கம் உக்காந்து ஒண்ணும் விளங்கல. அந்தப் பக்கம் உக்காந்தாலாவது அவங்க எதைத் தேடறாங்கன்னு புரியுமான்னு பார்த்தேன்."

பார்வையின் தலைகீழாக்கம். நான் சொன்னதுதான். என்ன சொல்கிறேன் என்று தெரியாமல்.

மார்ச் 20, வெள்ளி

இன்று ஜன்னல்களைச் சரியாகச் சொன்னேன். "இவ்வளவு கரெக்டா சொல்றீங்களே, மனப்பாடமா?" என்று நிராகரித்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

அலுவலகத்துக்கு எதிர்ப் படிக்கட்டில் காத்திருந்தேன். மூன்று மணி நேரம். வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நடந்தது இது. அறைக்குள் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அதிகாரி — சளி பிடித்த ஒரு பெண்மணியாம் — மூலை அலமாரியில் கோப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இவள் நேராகப் போய் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரப் பழக்கம். அதோடு விட்டாளா? அவர் கோப்போடு திரும்பியதும், நாடகத்தின் முதல் வசனத்தைச் சொல்லியிருக்கிறாள்: "உக்காருங்க. தண்ணி வேணுமா?"

"ஐயோ. அவங்க என்ன பண்ணாங்க?"

"உக்காந்துட்டாங்கடி."

"எங்க?"

"என் நாற்காலியில."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அப்புறம் இடம் மாறினார்களாம். இரண்டு மணி நேரம் கேள்வி. கடைசியில், "முடிவு கடிதத்துல வரும். நீங்க போகலாம்."

"நக்கல் பண்றேன்னு நினைச்சிருப்பாங்க. எங்கம்மாவையும் சேர்த்துக் கவுத்துட்டேன்."

அவளா கவிழ்த்தாள்? கையைத் தூக்கினது யாரு? கலையாம், சுதந்திரமாம், மண்ணாங்கட்டி. பெரிய வேஷம் வேணும்னு அலைஞ்ச நாய் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல. இப்போ எழுதி என்ன — எழுதினா கடுதாசி மாறுமா?

மார்ச் 25, புதன்

ஐந்தாம் தேதி ஏன் அப்படிப் பேசினேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி. கை தூக்கறப்பவே உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு."

வேஷத்தை மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.

"வேணாம். அந்த நாற்காலி இனி எனக்கு எங்க கிடைக்கப்போகுது."

மார்ச் 27, வெள்ளி

நாடகம். அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மூன்றாம் வரிசையில் அம்மா, அண்ணன். அவர்களை அடுத்து ஆபீசரின் அம்மா.

கடைசிக் காட்சியில் அதிகாரி 'ஏற்கப்பட்டது' முத்திரையை ஓங்கி அடிக்க வேண்டும். திரை இழுப்பவருக்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். சத்தம், திரை, கைதட்டல்.

ஆபீசர் முத்திரையை எடுத்தாள். மையில் தொட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "முடிவு கடிதத்துல வரும். நீங்க போகலாம்" என்று கோப்பை மூடி எழுந்து போய்விட்டாள்.

சத்தம் இல்லை. திரை இல்லை.

எங்கே போவது? நாடகத்தில் எனக்கு வேறு இடம் எழுதப்படவில்லை. உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம். இரண்டு. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு குரல்: "முடிஞ்சிருச்சா?" அண்ணன் கைதட்டினான், அம்மா அவன் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். ஆபீசரின் அம்மா மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று உடைக்குள் எனக்குப் புழுங்கியது. அழ வேண்டும் என்று தோன்றவில்லை. மணி பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கடைசியில் திரை இழுப்பவரே மேடைக்கு வந்தார். வேஷம் ஏதும் இல்லை, கையில் ஒரு டார்ச். குனிந்து மெதுவாகக் கேட்டார். "இழுத்துடலாமாம்மா? இல்ல, இன்னும் இருக்கணுமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அரங்கம் முழுக்கக் கேட்டதாம்.

மார்ச் 30, திங்கள்

அந்த முடிவு மூலப் பிரதியில் இல்லை என்று மேடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டிருக்கிறார். மேற்கோள்களுடன்.

ஏப்ரல் 8, புதன்

கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

வரவில்லை. இன்று வகுப்பில் தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பவில்லை, மேடம் உட்பட.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் ஆபீசர் போன். "உங்கண்ணனைக் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க." காரணம் சொல்லவில்லை.

அவள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. தெருவில், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு இரும்பு பீரோ. ஆள் உயரக் கண்ணாடி வைத்தது. மூன்று வருஷமாகப் பைகளிலேயே துணியை வைத்து எடுத்துக்கொண்டிருந்த வீடு. அவள் அம்மா தனியாகப் போய் வாங்கி வந்திருக்கிறார். படிக்கட்டில் நுழையுமா என்று யாரும் அளக்கவில்லை.

"கடிதம் எப்போ வந்துச்சு?"

"வியாழக்கிழமை. ரெண்டு பேருக்கும். நீ கீழ்ப் பக்கம் பிடி."

அந்தச் சளி பிடித்த பெண்மணி அதில் ஏதாவது எழுதியிருந்தாரா என்று கேட்டேன். வேறொன்றும் இல்லையாம். ஒரு முத்திரை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. அண்ணன் மேலே, நாங்கள் இரண்டு பேரும் கீழே. சுவரில் ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்துவிட்டது. என் விரல் நசுங்கியது. ஆபீசர் சத்தம் போட்டுச் சிரித்தாள்; சிரிப்பில் பிடியை விட்டுவிட்டாள், அடிப்பாவி.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "இப்பவே சொல்லிட்டேன். இதை எறக்கற அன்னைக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

மேலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா எறக்கப்போறது?"